கடல் கடந்த நண்பருக்கு மதுரையிலிருந்து துணை நிற்பது எப்படி?

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கும் ஒருவருடைய வீடு தென்படாமல் போகாது. அவர் நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவராகவோ, ஒரே பட்டறையில் தொழில் கற்றவராகவோ இருப்பார். ஊரில் இருந்தவரை தினமும் பார்த்த முகம், விமானம் ஏறிய ஓராண்டில் மாதத்துக்கு ஒரு முறை கேட்கும் குரலாகி, பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் வாழ்த்துப் படமாகச் சுருங்கிவிடுகிறது. அவருக்கு ஒரு துன்பம் என்ற செய்தி நம் காதுக்கு எட்டும்போது முக்கியமான நாட்கள் கடந்து போயிருக்கும். வருந்துவதைத் தவிர நமக்கு வேலை இருக்காது. அந்த நிலை வராமல், நேரத்தில் உதவ என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, பல ஆண்டுகளாகச் சில நண்பர்களோடு விடாமல் தொடர்பில் இருந்து கற்றுக்கொண்ட அளவில் எழுதுகிறேன். உதவியில் பெரும்பகுதி இங்கே, அவருடைய ஊரிலும் வீட்டிலும் செய்ய வேண்டியது என்பதே நான் கண்டது.

பேசும்போது என்ன கேட்பது

என் பள்ளித் தோழன் ஒருவன் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தபோது, இடது கை இரும்புச் சட்டத்துக்கு அடியில் சிக்கி, இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. அதற்குப் பிறகு ஐந்து வாரம் என்னோடு காணொளி அழைப்பில் பேசினான். ஐந்து வாரமும் "நல்லா இருக்கேன் மாப்ள" என்றே சொன்னான். முகம் மட்டும் தெரியும்படி கைப்பேசியைப் பிடித்திருந்ததால் எனக்கு எதுவும் புலப்படவில்லை. ஆறாவது வாரம்தான், எப்போதும் கழுத்துவரை பொத்தான் போடுகிற அவன், சட்டையைத் திறந்து போட்டபடியே உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். "பொத்தானைப் போட்டுட்டுப் பேசுடா" என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒத்தக் கையால போட வரலடா" என்றான்.

அன்று முதல் "எப்படி இருக்கே?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதை விட்டுவிட்டேன். அந்தக் கேள்விக்கு வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, பதில் சொல்லும்போதே நிலைமை வெளிப்படுகிற சிறு கேள்விகளைக் கேளுங்கள். நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள்? போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் ஏறியது? அறையில் இப்போது எத்தனை பேர்? பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கிறதா, கம்பெனியில் இருக்கிறதா? சம்பளத் தேதியைச் சொல்லத் தயங்குகிறவருக்குச் சம்பளம் வரவில்லை என்றே கொள்ளலாம். மூன்று வேளையும் ரொட்டி என்கிறவரிடம் அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்க வேண்டும்.

நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியவை. நாம் இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக அழைக்கும்போது அங்கே பதினொன்றரை, விடியுமுன் லாரி ஏற வேண்டியவர் தூங்கிப்போயிருப்பார். சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகியவை இரண்டரை மணி நேரமும், துபாயும் அபுதாபியும் ஒன்றரை மணி நேரமும் பிந்தியவை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. நம் கடிகாரத்தில் அது பிற்பகல் 2 முதல் 4.30 வரை, அந்த நேரத்தில் அழைத்தால் பேசலாம் என்பதோடு, தடையை மீறி வேலை வாங்குகிறார்களா என்பதும் தெரிந்துவிடும். அதே நாட்டில் வாட்ஸாப் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அங்குள்ளவர்கள் போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்துகிறார்கள். வாட்ஸாப்பில் அழைத்துப் பார்த்துவிட்டு, நண்பர் நம்மைத் தவிர்க்கிறார் என்று மனம் கோணிவிட வேண்டாம்.

ஏதாவது ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. எனக்கு அது மாதத்தின் முதல் ஞாயிறு. நாள் குறிக்காத அன்பு எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மறந்துபோகிறது.

வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கோ ஓமனுக்கோ போயிருக்கும் பெண்களிடம் பேசுவதில் கூடுதல் கவனம் வேண்டும். பலருக்கு முதலாளி வீட்டார் முன்னிலையில்தான் கைப்பேசி கையில் கிடைக்கிறது. புறப்படும் முன்பே ஓர் அடையாளச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் தெருப் பெண் ஒருவர், "அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கியாச்சா?" என்று கேட்டால் ஆபத்து என்று பொருள் கொள்ளும்படி தன் தங்கையிடம் சொல்லி வைத்துப் போனார். அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது.

ஒரு நோட்டு

எல்லாம் நலமாக இருக்கும்போதே சேகரித்து வைக்க வேண்டிய விவரங்கள் சில உண்டு. பாஸ்போர்ட் எண்ணும் முடியும் தேதியும், வேலை அனுமதி அட்டையின் எண் (சவூதியில் இருப்பவர் இக்காமா என்பார்), அந்த அட்டையில் எழுதியிருக்கிறபடியே முதலாளி அல்லது கம்பெனியின் பெயர், அனுப்பிய ஏஜென்டின் பெயரும் உரிம எண்ணும், தங்குமிடத்தின் முகவரி, கூடவே தங்கியிருக்கும் இருவருடைய எண்கள். இந்தக் கடைசி விவரத்தைத்தான் யாரும் வாங்குவதில்லை. நண்பருடைய கைப்பேசி அணைந்துபோன அன்று அதைத் தவிர வேறெதுவும் பயன்படாது. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, தாளில் அச்சிட்டு ஒரு படியை நண்பருடைய மனைவியிடமோ தாயிடமோ கொடுத்து வையுங்கள். மனு கொடுக்கிற நாளில் கைப்பேசியைத் தடவித் தேடிக்கொண்டிருக்க முடியாது.

காப்பீட்டையும் அந்த நோட்டில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாமல் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி பெற வேண்டிய) பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும், மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் பிரீமியம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும், முதலாளி மாறினாலும் காப்பு தொடரும். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல், பத்திரத்தை விசாத் தாள்களோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டுவிட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். காலம் முடிந்திருந்தால் இணையத்திலேயே புதுப்பிக்கலாம். அதை நாம் இங்கிருந்தே செய்து கொடுக்கலாம்.

வீட்டுப் பக்கம்

சம்பளம் நின்றுபோன ஒருவரை இரவில் தூங்க விடாமல் செய்வது அவருடைய பசியைவிட அவருடைய வீடுதான். தாயை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் இல்லை, பையனுக்குப் பள்ளியில் கட்ட வேண்டிய தொகை நிற்கிறது, நகையை வைத்த இடத்தில் கெடு முடிகிறது என்ற கவலைகளில் ஒன்றை நாம் எடுத்துக்கொண்டால் அவர் அங்கே நிமிர்ந்து நின்று தன் வழக்கைப் பேச முடியும். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கூச்சப்படுகிறவர்கள் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை காலையில அத்தைய நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று நாளையும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு, வெளியூரார் இதன் கனத்தை எளிதில் உணர மாட்டார்கள். அது மொய். தன் வீட்டுக் காதுகுத்தில் ஐயாயிரம் எழுதியவருடைய வீட்டு விசேஷத்துக்கு அந்தத் தொகையைக் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தக் குடும்பத்தின் சொல் விழுந்துவிடும். வெளிநாட்டில் வேலை இழந்து நிற்பவர், அறை வாடகைக்கு வழி இல்லாததைக்கூட பொறுத்துக்கொள்வார். ஊரில் தன் பெயருக்கு மொய் எழுதப்படவில்லை என்ற செய்தியைப் பொறுக்க மாட்டார். என் நண்பனுக்குக் கை நசுங்கிய அந்த ஆண்டு ஆவணியில் அவன் திருப்ப வேண்டிய மொய் மூன்று இருந்தது. அவன் வீட்டு மொய் நோட்டை அவன் அம்மாவிடம் வாங்கிப் பார்த்து, நாங்கள் நான்கு பேர் பங்கு போட்டு, மூன்று மண்டபத்துக்கும் போனோம். மேசையில் எழுதுகிறவர் "பேரு?" என்று கேட்டபோது, அவனுடைய அப்பா பெயரையும் அவன் பெயரையும் ஊரையும் சொன்னேன். இப்போதெல்லாம் கணினியில் அடித்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அவன் எதுவும் எழுதவில்லை. ஆனால் அன்றிரவு தானே அழைத்து, இழப்பீட்டுக்கான தாள்களைப் பற்றி முதன்முறையாக விவரமாகப் பேசினான்.

வீட்டுக்கு உதவும்போது இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். நண்பருடைய மனைவி தனியாக இருக்கும் வீட்டுக்கு உங்கள் அம்மாவையோ மனைவியையோ உடன் அழைத்துக்கொண்டு போங்கள். ஊர் வாய்க்கு அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பணம் கொடுத்தால் வங்கி வழியாகவே கொடுங்கள், நண்பருக்குத் தெரிந்தே கொடுங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருக்கு ஓராண்டில் வரும் அன்பளிப்பு மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், அது முழுவதும் பெறுகிறவருடைய வருமானமாகக் கணக்கிடப்படும். ஆகவே பலர் சேர்ந்து பெருந்தொகை திரட்டும்போது ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திரட்டிய தொகையை மொத்தமாகக் கொடுப்பதைவிட ஆறு மாதத்துக்கு மாதாமாதம் கொடுப்பதையே நான் சொல்வேன். மொத்தத் தொகை பழைய கடனுக்குப் போய்விடும், அடுப்பு அப்படியே இருக்கும்.

அங்கே பணமும் பொருளும் அனுப்புவது

இது அடிக்கடி தேவைப்படாது. தேவைப்பட்டால், சிங்கப்பூரில் இருப்பவருக்கு அனுப்புவது எளிது: 2023 பிப்ரவரி 21 முதல் நம் யு.பி.ஐ.யும் அவர்களுடைய பேநவ் முறையும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த வசதி உள்ள வங்கிக் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை கைப்பேசியிலேயே அனுப்பலாம். மற்ற நாடுகளுக்கு வங்கிக்குப் போய் பான் எண்ணும் ஏ2 படிவமும் கொடுத்து அனுப்ப வேண்டும். இங்கு வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, நண்பருக்குக் கொடுக்கும் அன்பளிப்பும் அதில் அடங்கும். உண்டியல் என்கிற ஹவாலா வழியில் அனுப்ப வேண்டாம். அது இங்கே சட்டவிரோதம், பிடிபட்டால் அங்கே வாங்குகிறவருக்கும் வினை. நண்பர் பெயரில் "அவசரம், உடனே அனுப்பு" என்று ஒரு செய்தி வந்தால், எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

பொட்டலம் கட்டும்போது கசகசாவை நினைவில் கொள்ளுங்கள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற சாதாரணப் பொருள், அமீரகத்திலும் சவூதியிலும் போதைப்பொருள் பட்டியலைச் சேர்ந்தது. வீட்டில் திரித்த மசாலாப் பொடியில் அது கலந்திருந்தாலும் சிக்கல்தான். அமீரகத்துக்கு வெற்றிலையும், சிங்கப்பூருக்கு வாயில் போடும் புகையிலையும் ஆகா. இருமல் மருந்து, வலி மாத்திரை போன்றவற்றில் சில அந்த நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தையும் இன்னொருவர் பையில் கொடுத்தனுப்பாதீர்கள். பருப்புப் பொடியும் வற்றலும் அனுப்பினால் போதும், அஞ்சலகத்தில் சுங்க அறிவிப்புப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் போய்ச் சேரும்.

சிக்கல் முற்றிவிட்டால்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். "அங்கேயிருந்து ஓடி வந்துடு" என்று சொல்லாதீர்கள். சவூதியில் முதலாளியை விட்டு விலகியவர்மேல் கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) ஹுரூப், அதாவது ஓடிப்போனவர் என்ற புகார், எழுதிவிட்டால், பாதிக்கப்பட்டவரே சட்டத்தை மீறியவராகிவிடுகிறார். நண்பர் அழுதுகொண்டே அனுப்பிய காணொளியை அவரைக் கேட்காமல் ஊரெல்லாம் பரப்பாதீர்கள். ஒருவருடைய பெயர் சொல்லி இணையத்தில் பழிப்பது அமீரகத்தில் தண்டனைக்குரிய குற்றம்.

செய்ய வேண்டியது, ஒரே பக்கத்தில் தேதி வாரியாக எழுதிய மனு. எந்த நாளில் போனார், ஒப்பந்தத்தில் என்ன சம்பளம், எந்த மாதத்திலிருந்து வரவில்லை, இப்போது எங்கே இருக்கிறார், என்ன கேட்கிறோம். பாஸ்போர்ட், இக்காமா எண்கள் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். இந்த மனுவை, வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய மதத் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பதிவு எண் கிடைக்கும், அதை வைத்து நடவடிக்கையைத் தொடரலாம். அதே மனுவை அந்த நாட்டின் இந்தியத் தூதரகத்துக்கும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் அனுப்புங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனைவியோ பெற்றோரோ நேரில் கொடுப்பதும் வீண் போகாது. நாம் உடன் போக வேண்டும், ஆனால் கையெழுத்து குடும்பத்தாருடையதாக இருக்க வேண்டும்.

தூதரகங்களிடம் 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வழியற்று நிற்பவருக்குத் தங்குமிடம், அவசர மருத்துவம், சட்ட உதவி, ஊர் திரும்ப விமானச் சீட்டு, இறந்தவரின் உடலை அனுப்புதல் ஆகியவற்றுக்கு, அவருடைய வசதியைப் பார்த்து அதிலிருந்து செலவிடுவார்கள். கேட்காதவருக்குத் தானாக வராது. மனுவில் அந்த நிதியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பாஸ்போர்ட் இல்லாமல் போனவருக்கு, அவுட்பாஸ் என்று நம்மவர்கள் சொல்லும் அவசரச் சான்றைத் தூதரகம் தரும்.

சிங்கப்பூரில் வேலையின்போது அடிபட்டவருக்கு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். சிகிச்சைக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் முதலாளி பொறுப்பு. என் நண்பனிடம் இரண்டாவது வாரமே ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டு, ஊருக்குப் போக டிக்கெட்டும் நீட்டியிருக்கிறார்கள். மனிதவள அமைச்சில் பதிவு செய்யும்வரை கையெழுத்துப் போடாதே, விமானம் ஏறாதே என்று ஒருவர் அன்றே சொல்லியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும். அங்கே டி.டபிள்யூ.சி.2 என்ற தொண்டு அமைப்பு, வழக்கு முடியும்வரை வேலை செய்ய முடியாமல் இருக்கும் தொழிலாளர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவச உணவு வழங்குகிறது, ஆலோசனையும் சொல்கிறது. மலேசியாவில் 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கெசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்பீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

கைதானவர், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கலாம். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அந்த உரிமையைத் தருகிறது. நாம் இங்கிருந்து செய்யக்கூடியது, தூதரகத்துக்கு உடனே எழுதுவது.

உயிரிழப்பு நேர்ந்துவிட்டால், அழுகிற வீட்டில் ஒருவர் தாள்களைக் கையில் எடுக்க வேண்டும், அந்த ஒருவரே எல்லோரிடமும் பேச வேண்டும். இறப்புச் சான்று, உடல் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் தடையில்லாச் சான்று ஆகியவை இல்லாமல் உடல் விமானம் ஏறாது. உடலை ஊருக்குக் கொண்டு வருவதா அங்கேயே அடக்கம் செய்வதா என்பதை நெருங்கிய உறவினர் எழுத்தில் தர வேண்டும். இந்தக் கடிதம் ஒரு நாள் தாமதமானால் அங்கே பல நாள் தாமதமாகும்.

திரும்பி வருகிறவர்

வெறுங்கையோடு வருகிறவரை அழைக்கப் பெரிய கூட்டமாகப் போகாதீர்கள். என் நண்பன் வந்தபோது நானும் அவன் தம்பியும் மட்டும் விமான நிலையத்துக்குப் போனோம். அருகிலுள்ள பெருங்குடியில் வண்டியை நிறுத்தி டீ குடித்துக்கொண்டு இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் ஊருக்குள் நுழைந்தோம்; அவன்தான் அப்படிக் கேட்டான். எவ்வளவு கொண்டு வந்தாய், எப்போது திரும்பப் போகிறாய் என்ற இரண்டு கேள்விகளையும் யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கமில்லாமல், பேச்சில்லாமல் ஒடுங்கிக் கிடந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதல் ஞாயிற்று அழைப்பை அவர் பக்கத்துத் தெருவுக்கே வந்துவிட்ட பிறகும் நிறுத்த வேண்டாம். அழைப்புக்குப் பதில் நேரில் போங்கள்.

நான் அப்படிப் போன முதல் ஞாயிறு, அவனுடைய ஏழு சட்டைகளை வாங்கிக்கொண்டு, புது மண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். மேலே பொத்தானை அப்படியே தைத்து வைத்து, உள்ளே பிரஸ் பட்டன் வைத்துக் கொடுத்தார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, ஒரு கையால் அழுத்தினால் போதும்.